முதுமையடைந்த நாய்களும் பூனைகளும்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை வைத்தியரின் பதில்கள்

வயது சென்ற வளர்ப்புப் பிராணிகளைப் பராமரிப்பது பற்றி வாசகர்கள் எழுதலாம் எனச் சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுட் பெரும்பாலானவை திருகோணமலை நகரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் வந்தவை. “வயது போய்விட்டது, இனி என்ன செய்வது?” என்ற வரி ஏறத்தாழ ஒவ்வொரு கடிதத்திலும் ஏதோவொரு வடிவில் இருந்தது. இங்குள்ள பதில்களுட் பல அந்த வரியோடு வழக்காடுபவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரிய உடலமைப்புள்ள நாய்கள் ஏழெட்டு வயதிலும், சிறிய நாய்களும் பூனைகளும் பத்து வயதை ஒட்டியும் முதுமைக்குள் நுழைகின்றன என்பது உண்மையே. ஆயினும் அந்த வயதிற் காணப்படும் நொண்டல், மெலிவு, மிகுதாகம், இரவு அலைச்சல் ஆகியவற்றுட் பல, தமக்கெனப் பெயருள்ள, பரிசோதனையிற் பிடிபடுகின்ற, சிகிச்சைக்கு இணங்குகின்ற நோய்களால் வருபவை.

கேள்வி: எங்கள் டொமிக்குப் பன்னிரண்டு வயது, அல்சேஷன் கலப்பு. காலையில் எழும்பும்போது அவனுடைய பின்னங்கால்கள் இழுபடுகின்றன. சற்று நடந்த பின்னர் சரியாகி விடுகின்றன. முன்பு விறாந்தைப் படியேறி என் கதிரையடியில் வந்து படுப்பவன், இப்போது படியடியிலேயே நின்றுவிடுகிறான். வலி என்றால் கத்துவான் அல்லவா? அவன் கத்துவதில்லை. அரைப் பனடோல் கொடுத்துப் பார்க்குமாறு பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. பனடோல் எனப்படும் பரசிற்றமோலை நாய்களுக்குக் கால்நடை வைத்தியர்கள் எப்போதாவது, நிறைக்கேற்பக் கணக்கிட்டுக் கொடுப்பதுண்டு; வீட்டில் உத்தேசமாகக் கொடுத்தால் அது ஈரலைப் பாதிக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் அந்த மருந்துப் பெட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்பதால், 500 மில்லிகிராம் கொண்ட ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. முரசு கபில நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கி, மூச்சுத் திணறி அது இறக்கும். இடுப்பு வலிக்கு நாம் விழுங்குகின்ற டைக்லோபெனாக், இபுபுரோபன் ஆகியவையும் நாய்க்கு ஆகா. அவை இரைப்பையிற் புண்ணையும் குருதிக் கசிவையும் ஏற்படுத்துவதோடு சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யக்கூடும்.

டொமி கத்தாமல் இருப்பதை வலி இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். திடீரெனக் காலை மிதித்துவிட்டால் நாய் கத்தும். மாதக்கணக்காக மூட்டில் ஊறுகின்ற வலிக்கு அது கத்துவதில்லை, தன் பழக்கங்களையே மாற்றிக்கொள்ளும். படியேறாமல் நிற்பதும், எழும்போது முன்னங்கால்களை ஊன்றிவிட்டுப் பின்பகுதியைத் தயங்கித் தயங்கி உயர்த்துவதும், ஓய்வுக்குப் பின் விறைத்து நடை தொடங்கியதும் இளகுவதும் மூட்டுத் தேய்வின் நேரடியான அடையாளங்கள். தொடைத் தசை ஒரு பக்கம் மெலிந்திருக்கிறதா, ஓயாமல் நக்கியதால் ஏதாவது மூட்டின்மேல் உரோமம் செம்பழுப்பாகி இருக்கிறதா, பின்னங்கால் நகங்கள் தேயாமல் நீண்டு வளைந்திருக்கின்றனவா, முதுகைத் தடவும்போது உறுமுகிறானா என்பவற்றையும் கவனியுங்கள். காலையில் அவன் எழும்பும் காட்சியைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து வைத்தியரிடம் காட்டுவது மிகவும் பயன்படும். வைத்தியசாலையின் பதற்றத்தில் பெரும்பாலான நாய்கள் நொண்டலை மறந்து நேராக நடந்து காட்டும் என்பது எங்கள் தொழிலில் அன்றாடம் காண்பது.

மருந்தைவிட முதலில் தரையைப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தரை மாபிளோ, மெருகேற்றிய சீமெந்தோ எதுவாயினும், பின்னங்கால் பலவீனப்பட்ட நாய்க்கு அது ஓயாத அச்சம். வழுக்கி விழுந்த இடத்தை அது மறுபடி மிதிக்க மறுக்கும். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும் ஒரு பாதை போல், அடியில் இறப்பர் ஒட்டிய தும்புத் தடுக்குகளை வரிசையாகப் போட்டு விடுங்கள். பன்பாய் குளிர்ச்சியானதுதான், ஆனால் மெருகுத் தரையில் அது நாயோடு சேர்ந்து சறுக்கும். இரண்டு மூன்று படிகள்தாம் என்றால் பலகையாற் சாய்தளம் அமைத்து அதன்மேல் சாக்கை இழுத்து ஆணியடித்து விடலாம். விரற்கடை அளவேனும் தடித்த மெத்தைப் படுக்கை வேண்டும். வெறுந்தரையிற் படுப்பது முழங்கை மூட்டுகளை உறுத்தும்.

அடுத்தது நிறை. விலா எலும்புகளைக் கையால் தடவினால் மெல்லிய தோலுக்கடியில் ஒவ்வொன்றாக உணர முடிய வேண்டும்; உணர முடியாவிட்டால் சோற்றைக் குறைத்தே ஆக வேண்டும். தேய்ந்த மூட்டின்மேல் உள்ள மேலதிக நிறையைக் குறைப்பதற்கு நிகரான மருந்து இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. நடையை நிறுத்திவிடாதீர்கள், நீண்ட நடை ஒன்றுக்குப் பதிலாகக் குறுகிய நடைகள் இரண்டு மூன்றாகப் பிரித்து, உவர்மலையின் ஏற்ற இறக்கங்களைத் தவிர்த்துச் சமதரையில் நடத்துங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெயில் ஏறுமுன்னரும் பொழுது சாய்ந்த பின்னரும் மட்டுமே வெளியே கொண்டு செல்ல வேண்டும். உங்கள் புறங்கையைத் தார் வீதியில் சில விநாடிகள் வைக்க முடியாவிட்டால், அவனுடைய பாதங்களும் அதைத் தாங்கமாட்டா.

இவ்வளவுக்கும் பின்னர் வலி நீடித்தால், நாய்களுக்கெனப் பரிசோதிக்கப்பட்ட காப்ரோபென், மெலொக்சிகாம் போன்ற வலிநிவாரணிகள் உள்ளன. அவற்றைத் தொடங்குமுன் சிறுநீரகமும் ஈரலும் எந்நிலையில் உள்ளன எனக் குருதிப் பரிசோதனையால் அறிவது அவசியம். உணவுடன் கொடுக்க வேண்டும். வாந்தியோ, தார் போன்ற கறுத்த மலமோ கண்டால் உடனே நிறுத்தி அறிவிக்க வேண்டும். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டெரொயிட் மருந்துகளோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது. மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் மூட்டழற்சியைச் சற்றுத் தணிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் விற்றமின் ஏ மிகுதியாக இருப்பதால் அதனைத் தொடர்ந்து கொடுப்பது கேடு. குளுக்கோசமின் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதற்கான ஆதாரம் வலுவற்றது; அந்தப் பணத்தைக் குருதிப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள் என்பேன்.

கேள்வி: எங்கள் பூனைக்குப் பதின்மூன்று வயது. கரைக்கு வரும் மீனையே உண்டு வளர்ந்தது. இப்போது முதுகெலும்பு தெரிய மெலிந்துவிட்டது. எந்நேரமும் தண்ணீர்ப் பானையடியில் நிற்கிறது. சாப்பாட்டில் குறைவில்லை. கிழட்டுப் பூனை மெலிவது வழமைதானே என்கிறார் என் கணவர்.
— வாசகி, திருக்கடலூர்

பதில்: மெலிவதும் தண்ணீர் மிகுதியாகக் குடிப்பதும் ஒன்றாகச் சேர்ந்தால் அதை வழமை என்று விட்டுவிட முடியாது. முதிய பூனையில் இவ்விரண்டும் சேர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தாம்: நாட்பட்ட சிறுநீரக நோய், தைரொய்ட் சுரப்பியின் மிகைச் சுரப்பு, நீரிழிவு. நன்றாக உண்டும் மெலிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் பின்னைய இரண்டையும் நான் முதலில் ஐயுறுவேன். தைரொய்ட் மிகைத்த பூனை பசியோடும் பரபரப்போடும் இருக்கும், இரவில் உரத்துக் கத்தும், உரோமம் சிக்குப்படும், இதயம் படபடக்கும். இதற்கு மனிதருக்கும் வழங்கப்படுகின்ற காபிமசோல் என்னும் குளிசையே, அளவு வேறாக, கைகொடுக்கிறது. சிறுநீரக நோயிற் பசி மங்கும், வாய் நாறும், அடிக்கடி வாந்தி வரும்.

வைத்தியரிடம் போகுமுன் இரண்டு அளவுகளை எடுத்துச் செல்லுங்கள். முதலாவது தண்ணீர். அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளந்து பாருங்கள். உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றருக்கு மேல் பூனை குடிக்குமானால், அதாவது மூன்று கிலோப் பூனை 150 மில்லிலீற்றரைத் தாண்டுமானால், அது நோயின் அறிகுறி. மீனுண்ணும் பூனைக்கு உணவிலேயே நீர் கிடைப்பதால் அதைவிடக் குறைந்த அளவும் சந்தேகத்துக்குரியதே. இரண்டாவது நிறை. உங்கள் வீட்டில் மீன் நிறுக்கும் தராசு இருக்கும். பூனையை மூடியுள்ள கூடையில் வைத்துக் கொளுவி, பிறகு வெறுங்கூடையைக் கழித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை இதனைக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியுமுன் மெலிவு தாளில் தெரிந்துவிடும்.

பரிசோதனையில் குருதியோடு சிறுநீரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினினின் அளவு குருதியில், சிறுநீரகத்தின் செயற்பாட்டில் ஏறத்தாழ முக்காற் பங்கு போன பின்னரே தெளிவாக உயருகிறது; சிறுநீர் செறிவு குறைந்து தண்ணீர் போலாவதோ அதற்கு முன்னரே தெரியும். சிறுநீரக நோய் உறுதியானாலும் மனம் தளர வேண்டாம். பொசுபரசு குறைந்த உணவும், வீட்டின் பல மூலைகளிலும் வைத்த தண்ணீரும், வாந்திக்கும் குருதியழுத்தத்துக்கும் உரிய மருந்தும் கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் வாழும் பூனைகள் பல.

மீனைப் பற்றியும் ஒரு சொல். மீன் மட்டுமே உணவாவது நல்லதன்று. சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்கள் சிலவற்றைப் பச்சையாக நாளும் கொடுத்தால், அவற்றிலுள்ள நொதியம் பூனைக்குத் தேவையான தயமின் என்னும் விற்றமினை அழித்துவிடும். தள்ளாட்டம், வலிப்பு வரை அது கொண்டு செல்லும். அவித்தால் அந்த நொதியம் அழியும். மீன் தலையும் முள்ளும் பொசுபரசு மிகுந்தவை. சிறுநீரகம் பழுதான பூனைக்குச் சதைப்பகுதியை மட்டும் அவித்துக் கொடுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம். சொதியிலோ குழம்பிலோ பிசைந்த சோறும் அவ்வாறே: வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டினதும் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன, அதிலும் பூனை விரைவிற் பாதிக்கப்படும். இறுதியாக, எந்தக் காரணத்தாலேனும் பூனை இரண்டு நாட்கள் முழுதாக உண்ணாதிருந்தால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள்; பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில், குறிப்பாகக் கொழுத்த பூனையாயின், கொழுப்புத் தேங்கி அதுவே உயிராபத்தாகும்.

கேள்வி: பதினான்கு வயதான எங்கள் ஆண் பூனை இதுநாள்வரை மண்பெட்டியில்தான் சிறுநீர் கழித்தது. இப்போது அறை மூலைகளிலும், சில வேளைகளில் தொழும் இடத்துக்கு அருகிலும் கழித்துவிடுகிறது. வீட்டாருக்குக் கோபம். வேண்டுமென்றே செய்கிறதா?
— வாசகி, கிண்ணியா

பதில்: சகோதரி, பூனை வஞ்சம் தீர்ப்பதற்காகச் சிறுநீர் கழிப்பதில்லை. இந்த வயதில் முதற் சந்தேகம் மூட்டு வலி. பெட்டியின் விளிம்பைத் தாண்ட இயலாமையே பல பூனைகளை மூலைக்குத் துரத்துகிறது. ஒரு பக்கத்தை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டித் தாழ்த்துங்கள், பூனை அதிகம் படுக்கும் இடத்துக்கு அண்மையில் இரண்டாவது பெட்டி ஒன்றும் வையுங்கள். தொழும் அறையின் கதவைச் சில வாரங்கள் மூடி வைத்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது. கழித்த இடத்தைச் சவர்க்கார நீரால் நன்கு கழுவி வெயில் படவிடுங்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல் வெளுக்கின்ற கிருமிநாசினிகளைத் தவிருங்கள், அவற்றிலுள்ள பீனோல் வகைப் பொருட்கள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உட்சென்று பூனைக்கு நஞ்சாகும்.

முன்னைய பதிலிற் சொன்ன நோய்களும் சிறுநீர் மிகுவதால் இதே நிலையைக் கொண்டுவரலாம், ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை தேவை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். ஆண் பூனை மீண்டும் மீண்டும் குந்தி முக்கியும் சொட்டுச் சிறுநீர்தானும் வராவிட்டால், அது அடைப்பு. அன்றைய தினமே வைத்தியரிடம் சேர்க்காவிட்டால் பூனை பிழைப்பது அரிது.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பதினான்கு வயதாகிறது. பகல் முழுவதும் தூங்குகிறது. நடுச்சாமத்தில் எழும்பி வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. கதவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்கிறது. வெறும் சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. அதன் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்று நூல் கட்டினார்கள். அயலவர்களும் தூக்கமின்றிச் சினக்கிறார்கள்.
— குடும்பத் தலைவர், பாலையூற்று

பதில்: நூல் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் நீங்கள் விவரித்திருப்பது முதிய நாய்களின் மூளைத்தளர்வு நோயின் தோற்றத்தை வரி பிசகாமல் ஒத்திருக்கிறது. மனிதரின் அல்ஸைமர் நோயைப் போலவே, நாயின் மூளையிலும் அமிலொயிட் எனும் புரதம் படிந்து நரம்புக் கலங்கள் குன்றுகின்றன. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் 28 சதவீதமானவையும், பதினைந்து, பதினாறு வயது நாய்களில் 68 சதவீதமானவையும் இத்தளர்வின் ஓர் அறிகுறியையேனும் காட்டின. திசை தடுமாறுவது, வீட்டாரோடு பழகும் முறை மாறுவது, இரவு பகலாவது, பழகிய இடத்தை மறந்து வீட்டுக்குள் கழிப்பது ஆகியவை அதன் முக்கிய முகங்கள்.

இருப்பினும் அந்தப் பெயரை இறுதியிற்தான் சூட்ட வேண்டும். இரவில் அலைவதற்கு மூட்டு வலியும், அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், கண்ணோ காதோ குன்றுவதும் காரணமாகலாம். கண்ணைப் பற்றி ஒரு விளக்கம்: ஏழெட்டு வயதுக்குப் பின்னர் பெரும்பாலான நாய்களின் கருமணியில் இலேசான நீலச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும், அது விழிவில்லை இறுகுவதால் வருவது, பார்வையைப் பெரிதாக மறைக்காது. வெள்ளை வெளேரென்று மூடினால் அது கண்புரை. அது திடீரென, மிகுதாகத்தோடு சேர்ந்து வந்தால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும்.

இவை நீங்கிய பின்னர், பகலை நீங்கள் நிரப்ப வேண்டும். வேளை தவறாத உணவு, காலை வெளிச்சத்தில் ஒரு நடை, மாலையில் மோப்பம் பிடித்துத் தேடி உண்ணும்படி முற்றத்தில் ஒளித்துவைத்த சிறு உணவுத் துண்டுகள், பகல் உறக்கத்தை இடையிடையே மெல்லக் கலைப்பது ஆகியவற்றால் இரவு அமைதியாகும் நாய்கள் பல உண்டு. இரவில் மங்கலான மின்குமிழ் ஒன்று எரியட்டும். தளபாடங்களை இடம் மாற்றாதீர்கள். கதவு மூலைகளைப் பழைய பெட்டிகளால் அடைத்துவிடுங்கள். படுக்கப் போகுமுன் சிறுநீர் கழிக்க வெளியே கொண்டு சென்று வாருங்கள். மருந்துகளுள் செலிஜிலின் என்பது இந்நோய்க்கெனவே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. உறக்கத்துக்கு மெலற்றோனினையும் வைத்தியர்கள் சிபாரிசு செய்வதுண்டு. இரண்டையும் வேறு மருந்துகள் எடுக்கும் நாய்க்கு வைத்தியரைக் கேளாமற் கொடுக்க வேண்டாம். குரைக்கும்போது அதட்டுவதால் ஒரு பயனும் இல்லை, அது உங்களைத்தான் தேடிக் குரைக்கிறது. அயலவரிடம் இதை ஒரு நோயென்று எடுத்துச் சொல்லுங்கள்; காரணம் தெரிந்தால் பாதிச் சினம் அடங்கும்.

கேள்வி: பத்து வயதுப் பெட்டை நாய். கருத்தடை செய்யவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன் பருவத்துக்கு வந்து போனது. இப்போது உண்ணவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறது, பின்புறத்தில் நாற்றமுள்ள கசிவு தெரிகிறது. வயதின் பலவீனமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: இல்லை. கருப்பையில் சீழ் தேங்கும் பயோமெற்றா என்னும் நோயாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. பருவம் முடிந்து இரண்டு மாதங்களுக்குள் வருவது அதன் இயல்பு. உங்கள் கடிதத்துக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம் என்றாலும், மற்றவர்களுக்காக இங்கும் அச்சிடுகிறோம். கசிவு வெளியே தெரியாமல் வயிறு மட்டும் பருப்பது இன்னும் ஆபத்து. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையே உரிய வழி, பத்து வயது அதற்குத் தடையாகாது. கருத்தடை செய்யாத முதிய பெட்டை நாய்களின் முலைகளை மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள், பயற்றங்காய் விதையளவு கட்டி என்றாலும் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டை விட்டு வெளியே போகாத கிழட்டு நாய்க்கும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி தேவையா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் பூசலாமா?
— பாடசாலை மாணவன், சாம்பல்தீவு

பதில்: தம்பி, முதலாவதற்குப் பதில் ஆம். விசர்நாய் நோய் நம் நாட்டில் இன்னும் மனித உயிர்களைக் காவுகொள்கிறது. வேலி தாண்டி வரும் ஒரு நாயோ கீரியோ போதும். நாய் காய்ச்சலோடோ மிகத் தளர்ந்தோ இருந்தால் ஊசியைச் சில நாட்கள் தள்ளிப் போடலாம், கைவிடக்கூடாது. இரண்டாவதற்குப் பதில், வேண்டாம். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் உள்ள பேர்மெத்திரின் பூனைக்கு வலிப்பையும் மரணத்தையும் தரும். பூசிய நாயோடு உடனே ஒட்டிப் படுக்கவிடுவதும் ஆபத்து. ஆனால் முதிய நாயின் உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். காதின் உள்மடிப்பையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பாருங்கள். உண்ணி பரப்பும் பபேசியா, எர்லிக்கியா நோய்களால் குருதி குன்றி முரசு வெளிறிய நாயை, முதுமையாற் சோர்ந்தது என்று எண்ணிப் பலர் காலம் கடத்துகிறார்கள்.

கேள்வி: பதினைந்து வயதான எங்கள் நாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டதாக வைத்தியர் சொல்லிவிட்டார். ஒரு கிழமையாக உணவில்லை, எழுப்பிவிட்டால்தான் நிற்கிறது. ஊசி போட்டு விடுவதைப் பற்றி அவரே பேச்செடுத்தார். அது பாவம், தானாகப் போகட்டும் என்கிறார் அம்மம்மா. எனக்கு ஒன்றும் முடிவெடுக்க முடியவில்லை.
— இளைஞர், திருகோணமலை நகர்

பதில்: தம்பி, பாவ புண்ணியத் தீர்ப்பு என் துறைக்கு உட்பட்டதன்று, அம்மம்மாவின் மனதை நான் மதிக்கிறேன். ஆயினும் “தானாகப் போவது” என்பது இந்த நோயில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியது என் கடமை. கழிவுகள் குருதியிற் சேர்வதால் ஓயாத குமட்டலும், வாய்க்குள் புண்களும், இறுதியிற் சில வேளைகளில் வலிப்பும் வரும். அது உறக்கத்தில் நிகழும் அமைதியான பிரிவாக இருப்பது அரிது. வாந்திக்கு மருந்தும் தோலுக்கடியில் ஏற்றும் சேலைனும் கொடுத்து, வாயை நனைத்து, புரட்டிப் படுக்கவைத்து, துன்பத்தைத் தணித்தபடி காத்திருப்பதும் ஒரு வழிதான். அதற்கு வீட்டில் ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும், வைத்தியரும் வந்துபோக வேண்டும். மருந்தும் இல்லாமல், முடிவும் இல்லாமல் முற்றத்தில் கிடக்க விடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

முடிவெடுக்க ஒரு முறை சொல்கிறேன். சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளில் ஒவ்வோர் இரவும் அன்றைய நாளைக் குறியுங்கள்: வலியின்றி இருந்ததா, உண்டதா, குடித்ததா, தன் கழிவிற் கிடக்காமல் இருந்ததா, உங்கள் குரலுக்கு வாலசைத்ததா? கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சத் தொடங்கினால், முடிவை நீட்டுவது நாய்க்காக அன்று, நமக்காகவே. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த எல்லை கடந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

செய்யப்படுவது இதுதான்: முதலில் ஆழ்ந்து உறங்கவைக்கும் ஊசி, நாய் உணர்விழந்த பின்னர் நாளத்தினூடாக அளவு மிகுந்த மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் திறந்தே இருக்கும், பின்னர் ஓரிரு முறை மூச்சிழுப்பது போன்ற அசைவும் வரலாம். அது உணர்வன்று, அச்சப்பட வேண்டாம். வைத்தியரை வீட்டுக்கே அழைக்க முடியுமா என்று கேளுங்கள். உடலில் அந்த மருந்து நீண்ட காலம் தங்குவதால், ஆழமற்ற குழியைத் தோண்டித் தின்னும் நாய்க்கும் காகத்துக்கும் உடும்புக்கும் அதுவே நஞ்சாகும். கடலிலோ பற்றைக்குள்ளோ போட்டுவிடாமல், குறைந்தது நான்கு அடி ஆழத்தில், கிணற்றிலிருந்து இயன்ற அளவு தள்ளிப் புதையுங்கள். நம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீர் மேலாகவே நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: பதினொரு வயதுப் பொமேரியன். இரவில் இருமல். இதயத்தில் இரைச்சல் கேட்பதாகக் கூறி, இங்குள்ள வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியசாலைக்குக் கடிதம் தந்துள்ளார். இவ்வளவு தூரம் கொண்டு செல்வது அதற்கு ஆகுமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: முதலில், நாய் ஆழ்ந்து உறங்கும்போது அதன் மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒருமுறை உயர்ந்து தாழ்வது ஒன்று. நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறைவாக இருந்தால், வைத்தியரிடம் ஒரு சொற் கேட்டுக்கொண்டு தாராளமாகப் பயணம் செய்யலாம். அந்த எண்ணிக்கை நாள்தோறும் ஏறி முப்பதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது இங்கேயே உடனடிச் சிகிச்சை பெற்று, நிலை தேறிய பின்னரே புறப்பட வேண்டும். சிறிய இன நாய்களின் முதுமையில் இதய வால்வு தடிப்பது சர்வசாதாரணம். எந்தக் கட்டத்தில் பிமொபென்டன் என்னும் இதய மருந்தைத் தொடங்குவது, எப்போது நீர் வெளியேற்றும் குளிசையைச் சேர்ப்பது என்பவை ஸ்கான் பார்த்தபின் தெளிவாகும் என்பதால், இந்தப் பயணம் வீண்போகாது.

ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரம். முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு, விடியுமுன் புறப்படுங்கள். வெயிலுக்குள் மூடிய வாகனத்தில் நாயைத் தனியே விட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குள் நுழையாதீர்கள், சில நிமிடங்களே அதன் உயிருக்குப் போதும். நீர் வெளியேற்றும் குளிசை எடுக்கும் நாயாயின் அன்றும் அதை நிறுத்தாமல், வழியிற் சிறுநீர் கழிக்க இறக்கிவிடுங்கள். அதைக் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டு வீதியில் செய்யாமல், யானை நடமாட்டம் இல்லாத ஊர்ப்புறத்தில், கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்புப் பட்டியிற் பிடித்தபடி செய்யுங்கள். இருமும் நாயின் மூச்சுக்குழலைக் கழுத்துப் பட்டி நெரிக்கும். பழைய குருதி அறிக்கைகள், எக்ஸ்ரே படம், எல்லாக் குளிசைகளின் உறைகள், இருமலின் காணொளி, ஒரு கிழமையாக எண்ணிய மூச்சுக் கணக்கு ஆகியவற்றை ஒரே உறையிலிட்டுக் கொண்டு செல்லுங்கள்.